ஃபிலாசபிக்கல் தலைவரை முழுசாகப் பயன்படுத்துவது எப்படி? கேள்வி பதில்

சிவிலைசேஷன் 4 என்ற கம்ப்யூட்டர் வியூக விளையாட்டில், தலைவர்களுக்கு உள்ள சிறப்புக் குணங்களில் (ட்ரெய்ட்) எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபிலாசபிக்கல். கிரேட் பீப்பிள் எனும் சிறப்பு மேதைகளைப் பெறுவதற்கான புள்ளிகள் 100% கூடுதலாகச் சேரும், யூனிவர்சிட்டி இரட்டை வேகத்தில் எழும். அவ்வளவுதான் அதன் வேலை. வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே. கணக்கெல்லாம் 2007-இல் வந்த பியாண்ட் த ஸ்வோர்ட் என்ற விரிவாக்கத்தில், நார்மல் வேகத்துக்கு.

கேள்வி: அண்ணா, ஃபிலாசபிக்கல் தலைவரான காந்தியை வைத்து ஆடுகிறேன். முதல் கிரேட் பெர்சன் வருவதற்குள் பக்கத்து நாட்டுக்காரன் மூன்று பேரை எடுத்துவிடுகிறான். எங்கே தப்பு?

தம்பி, லைப்ரரி கட்டியதும் அதில் ஆளை உட்கார வைத்தாயா? இந்த ட்ரெய்ட் இருக்கிற புள்ளியைத்தான் இரட்டிப்பாக்கும். புள்ளியே இல்லையென்றால் அதற்கு வேலை இல்லை.

லைப்ரரியில் இரண்டு சயின்டிஸ்ட் வைக்கலாம் (வயலில் உழைக்காமல் கட்டடத்தில் வேலை செய்யும் இப்படிப்பட்ட நகரவாசிதான் ஸ்பெஷலிஸ்ட்). ஒருவருக்கு 3 வீதம் டர்னுக்கு 6 புள்ளி. முதல் கிரேட் பெர்சனுக்கு 100 வேண்டும், அதாவது மற்ற தலைவர்களுக்கு 17 டர்ன். உனக்கு 12 வீதம் சேருவதால் 9 டர்னில் முடியும். ரைட்டிங் கற்றதும் உணவு நிறைய உள்ள நகரத்தில் லைப்ரரியை எழுப்பி, அன்றைக்கே இரண்டு பேரையும் உட்கார வை. நகரம் வளர்வது கொஞ்சம் தாமதமாகும், பரவாயில்லை.

கேள்வி: நேஷனல் எபிக் கட்டடம், பசிஃபிசம் கொள்கை எல்லாம் வந்த பிறகுதானே இந்த ட்ரெய்ட் உச்சத்துக்குப் போகும்? அதுவரை காத்திருக்கலாமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். நானும் பல ஆட்டம் அப்படிக் காத்திருந்திருக்கிறேன். அவை இரண்டும் தலா 100% தரும், ஆனால் இந்தச் சதவீதங்கள் ஒன்றையொன்று பெருக்குவதில்லை, கூடத்தான் செய்யும். அதே 6 புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். நேஷனல் எபிக் இருந்தால் மற்றவருக்கு 12, உங்களுக்கு 18. பசிஃபிசமும் சேர்ந்தால் அவருக்கு 18, உங்களுக்கு 24. ஆரம்பத்தில் நீங்கள் அவரைவிட இரண்டு மடங்கு, கடைசியில் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். இந்த ட்ரெய்ட் உங்களை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது வேறு எதுவும் கையில் இல்லாத அந்த முதல் காலத்தில்தான். அதனால் காத்திருக்கவே கூடாது.

கேள்வி: உணவு நிறைய உள்ள நகரம் என்றால் எவ்வளவு?

பன்றியும் சோளமும் ஒரே நகரத்தில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே குடியேறுங்கள். புல்வெளியில் மேய்ச்சல் போட்ட பன்றி 6 உணவு, நீர் பாய்ந்த சோள வயல் 6, நகரத்தின் நடுக்கட்டம் 2. மொத்தம் 14. அந்த இரண்டு கட்டத்தில் உழைப்பவர்கள் 4 சாப்பிட்டால் மீதி 10. அதில் ஐந்து ஸ்பெஷலிஸ்ட் உட்கார்ந்து சாப்பிடலாம். ஐந்து சயின்டிஸ்ட் வைக்க லைப்ரரி போதாது, கோட் ஆஃப் லாஸ் கற்று எத்தனை சயின்டிஸ்டையும் வைக்க விடும் காஸ்ட் சிஸ்டம் கொள்கைக்கு மாற வேண்டும்.

கேள்வி: நான்கு நகரத்திலும் இரண்டிரண்டு சயின்டிஸ்ட் வைத்தால் நான்கு மடங்கு வருமா?

வராது. புள்ளி அந்தந்த நகரத்தில் தனித்தனியாகச் சேரும், ஆனால் இலக்கு நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஒரு நகரம் 100-ஐத் தொட்டு ஒருவரைப் பெற்றால், மற்ற நகரங்களுக்கும் இலக்கு 200, அடுத்து 300 என்று நகரும். பின்தங்கிய நகரம் துரத்திக்கொண்டே இருக்கும். ஒன்றை முதன்மையாக வைத்து, இன்னொன்றைத் துணைக்கு வைப்பதே என் பழக்கம்.

கேள்வி: ஸ்டோன்ஹெஞ்ச் என்ற அதிசயக் கட்டடத்தையும் அதே நகரத்தில் கட்டலாமா?

வேண்டாம். அது டர்னுக்கு 2 ப்ராஃபெட் (மத மேதை) புள்ளி கலக்கும். இரண்டு சயின்டிஸ்டோடு சேர்ந்தால் நாலில் ஒரு வாய்ப்பு ப்ராஃபெட்டுக்குப் போய்விடும். கிரேட் லைப்ரரி வேறு, அதில் இரண்டு சயின்டிஸ்ட் இலவசம். அதை இங்கேயே கட்டுங்கள்.

கேள்வி: இதே ட்ரெய்ட் உள்ள அலெக்சாண்டருக்கு கிரேட் ஜெனரலும் (போர் மேதை) சீக்கிரம் வருவாரா?

இல்லை. அது இம்பீரியலிஸ்டிக் என்ற வேறு ட்ரெய்டின் வேலை.

கேள்வி: எலிசபெத்திடம் ஃபிலாசபிக்கலோடு, பண வருமானம் கூட்டும் ஃபைனான்ஷியல் ட்ரெய்டும் இருக்கிறது. வருமானம் தரும் காட்டேஜ் போடவா, வயல் போடவா?

இரண்டும் போடுங்கள், ஒரே நகரத்தில் மட்டும் வேண்டாம். தலைநகரம் முழுக்க காட்டேஜ். ஸ்பெஷலிஸ்டுகளுக்கு உணவு நகரம் தனியாக. அங்கே பிறக்கும் முதல் கிரேட் சயின்டிஸ்டைத் தலைநகரத்துக்கு அனுப்பி அகாடமி கட்டுங்கள். அங்கே ஆராய்ச்சி 50% ஏறும், காட்டேஜ் வளர வளர அதுவும் வளரும். எனக்குத் தெரிந்து இந்த ட்ரெய்டுக்கு இதைவிட நல்ல ஜோடி இல்லை.

கேள்வி: இரண்டாவது, மூன்றாவது சயின்டிஸ்டை என்ன செய்வது?

பேப்பர் கற்ற பிறகு, அவர்களைச் செலவழித்து எஜுகேஷன் டெக்கின் (தொழில்நுட்பம்) ஆராய்ச்சியில் கொட்டுங்கள். முதலில் லிபரலிசம் தொட்டவருக்கு ஒரு டெக் இலவசம், அந்தப் பந்தயத்தில் முந்தலாம். அதோடு எஜுகேஷன் வந்ததும் 200 ஹேமர் (உற்பத்திப் புள்ளி) கேட்கும் யூனிவர்சிட்டி உங்களுக்குப் பாதி உழைப்பில் முடியும். ஸ்டாண்டர்ட் வரைபடத்தில் ஆறு யூனிவர்சிட்டி எழுந்தால் ஆராய்ச்சியைக் கூட்டும் ஆக்ஸ்ஃபோர்ட் யூனிவர்சிட்டி கட்டலாம். அதையும் அகாடமி உள்ள அதே தலைநகரத்தில் வையுங்கள்.