பதில்: மனைவிக்கும் மகனுக்கும் விசா, வழக்கறிஞரை எப்படித் தேடுவது?

வணக்கம். கிரீன் கார்டு வைத்திருக்கும் நீங்கள் மனைவியையும் 19 வயது மகனையும் அமெரிக்காவுக்கு அழைக்க முயல்வதாகவும், ஒரு முகவர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். அதில் பொய் ஏறினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

அங்கே குடியேற்றச் சட்டம் மத்திய அரசின் சட்டம். ஆகவே எந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற வழக்கறிஞரும் உங்கள் மனுவைக் கையாளலாம். அமெரிக்கக் குடியேற்ற வழக்கறிஞர் சங்கத்தின் இணையதளத்தில் பெயர்களைத் தேடுங்கள். பிறகு, உரிமம் தந்த மாநிலத்தின் வழக்கறிஞர் பதிவேட்டில் அது நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால், அமெரிக்க அரசின் நீதித் துறை அங்கீகரித்த தொண்டு நிறுவனப் பிரதிநிதிகளும் உண்டு.

முதல் சந்திப்பில் மகனின் வயதைப் பற்றியே முதலில் கேளுங்கள். 21 ஆகிவிட்டால் விசாப் பிரிவு மாறி, காத்திருப்பு நீண்டுவிடக்கூடும். மனு பரிசீலனையில் இருந்த நாட்களை வயதிலிருந்து கழிக்க 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் தருகிறது. “குடியுரிமை வாங்கிவிடுங்கள், எல்லாம் எளிதாகிவிடும்” என்று நண்பர்கள் சொல்வார்கள். மனைவிக்கு அது சரிதான். ஆனால் மனைவியின் மனுவோடு சேர்ந்து வரும் மகன் அதிலிருந்து விடுபட்டுப்போவார். அவருக்குத் தனியாக ஐ-130, அதாவது உறவினரை அழைப்பதற்கான மனு, வேண்டும். இதைக் கேட்டவுடன் உங்கள் தேதிகளை வாங்கிக் கணக்குப் போடுகிறவரை நம்பலாம். “விசா நிச்சயம்” என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். அனுப்பும் ஒவ்வொரு படிவத்தின் நகலும் உங்கள் கையில் இருக்கட்டும்.