குழந்தைக்குப் பொருள் தெரியாத பெயரை வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். ஒரு இணையதளத்தில் அதன் பொருள் 'ஒளி', இன்னொன்றில் 'தேவதை' என்று போட்டிருப்பதற்காக, உங்கள் இருவருக்கும் பிடித்துப்போன பெயரை விட்டுவிடாதீர்கள். இழிவான பொருள் இருந்தால் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

நட்சத்திர எழுத்துக்காக ஓசை பார்த்துக் கட்டிய பெயராக இருக்கலாம். அப்படிப்பட்ட பெயர்களுக்குப் பொருளைப் பிறகுதான் ஒட்டுகிறார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் தேடுங்கள், இணையத்திலேயே இருக்கிறது. வடமொழிப் பெயரென்றால் மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத-ஆங்கில அகராதி. இரண்டிலும் இல்லையென்றால் புதுப்பெயராகவோ வேறு மொழிப் பெயராகவோ இருக்கலாம், அவ்வளவுதான்.

பிள்ளை தங்காத வீடுகளில் பிச்சை, குப்பம்மாள் என்று பெயரிட்டார்கள். உயிர் பிழைக்கட்டும் என்ற தவிப்பு அது, அகராதியில் கிடைக்காது.

ஒன்று மட்டும் கவனம்: பிறப்புப் பதிவில் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். சேர்த்தபின் மாற்றுவது பெரும்பாடு. எழுத்துக்கூட்டலையும் முடிவுசெய்துவிட்டுப் போங்கள்.