சொந்தச் செலவில் சிரிப்பு

தம்முடைய நகைச்சுவைக் கட்டுரைத் தொகுதிகளைத் தாமே அச்சிட்டுத் தாமே விற்கும் சேலத்து எழுத்தாளர் ஒருவர், வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதிலளிக்கிறார்.

ஏற்காட்டின் அடிவாரத்தில் குடியிருக்கிறீர்கள். மலைமேல் அறை எடுத்துத் தங்கித்தான் எழுதுவீர்களா? (சென்னை வாசகர்)

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால் ஏரி இருக்கிறது, மூடுபனி இருக்கிறது, காப்பித் தோட்டம் இருக்கிறது. நகைச்சுவைக்கு வேண்டிய சச்சரவு மட்டும் இல்லை. அங்கே அமர்ந்து நான் எழுதியவை அனைத்தும் வாழ்க்கையின் நிலையாமையைப் பற்றியே அமைந்துவிடுகின்றன. மே மாதக் கோடை விழாவின்போது நிலைமை வேறு. மலர்க் கண்காட்சியைக் காட்டிலும், படகுத் துறையின் நீண்ட வரிசையில் நின்றபடி, இந்த நாளில் புறப்படலாம் என்று முதலில் சொன்னவர் யார் என ஒவ்வொரு குடும்பமும் நடத்தும் விசாரணை சுவையானது.

மற்ற மாதங்களில் எனக்குச் சேலத்துக் கடைவீதியான செவ்வாய்ப்பேட்டையே போதும். வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்களும் மண்டிக் கணக்கர்களும் வந்து நிற்கும் தட்டுவடை செட் கடையில் காத்திருந்தால், சண்டையிலும் மரியாதை குறையாத ஊர் எப்படிப் பேசும் என்பது தெரியும். “ஏனுங்க, போன வாரம் வடை இன்னுங் கொஞ்சம் பெரிசா இருந்துச்சுங்களே?” என்று கேட்டவருக்குக் கடைக்காரர், “வடை அதே அளவுதானுங்க, நீங்கதான் இன்னிக்குப் பசியோட வந்திருக்கீங்க” என்று பதில் சொன்னார். இதற்கு மேல் நான் என்ன எழுதுவது?

உங்கள் எழுத்துப் பழக்கங்களைச் சொல்லுங்கள் ஐயா. சிரிப்பு வரும் என்று எழுதும்போதே தெரியுமா? (ஆத்தூர் வாசகி)

காலையில் தாளில் எழுதுகிறேன், மாலையில் அடித்து நீக்குகிறேன். நீக்குவதுதான் பெரிய வேலை, அம்மா. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வந்து நிற்பது நகைச்சுவை எழுதுகிறவனுக்கு முன்னோர் வைத்துவிட்டுப் போன சொத்து. வாசகர் ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டே வந்து, முற்றில் வேறொன்றைச் சந்திக்க வேண்டும். ஆகவே, திருப்பத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் அடைமொழிகளையும், “வேடிக்கை என்னவென்றால்” என்று பறை அறிவிக்கும் தொடர்களையும் இரண்டாம் படியில் களைந்துவிடுகிறேன்.

சிரிப்பு வருமா என்பது எனக்குத் தெரியாது, எங்கள் டி.டி.பி. நிலையத்தில் தட்டச்சு செய்யும் பெண்ணுக்குத் தெரியும். நண்பர்கள் நட்புக்காகச் சிரிப்பார்கள், வீட்டில் அமைதிக்காகச் சிரிப்பார்கள். அந்தப் பெண்ணோ திருமண அழைப்பிதழையும் வாடகை ஒப்பந்தத்தையும் என் கட்டுரையையும் ஒரே முகத்துடன் அடிப்பவர். அவருடைய விரல்கள் எங்கேனும் நின்றுவிட்டால் அந்த இடம் தேறிவிட்டது என்று கொள்கிறேன்.

பதிப்பகத்துக்குக் கொடுத்தால் எடிட்டர் இருப்பார். நீங்களே அச்சிடும்போது உங்களைத் தட்டிக்கேட்பவர் யார்? (ஓமலூர் வாசகர்)

ஃபாரக் கணக்குதான். டெம்மி என்னும் நூல் அளவில் ஒரு ஃபாரம், அதாவது அச்சடித்து மடிக்கும் ஒரு தாள், பதினாறு பக்கம். எட்டு ஃபாரம் என்றால் 128 பக்கம். பக்க அமைப்பு முடிந்து, நூல் 131 பக்கத்தில் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சகத்துக்காரர் இரண்டு வழிகளைச் சொல்வார்: ஒன்று, மூன்று பக்கத்தைக் குறைக்க வேண்டும்; இல்லையேல் இன்னொரு அரை ஃபாரத்துக்குத் தாளும் அச்சுக்கூலியும் கொடுத்து 136 பக்கமாக்கி, மிஞ்சும் பக்கங்களில் வேறு எதையாவது போட வேண்டும். பிறர் பணத்தில் அச்சேறும் எழுத்தாளர் இந்த இடத்தில் தம் படைப்பின் முழுமையைப் பற்றிப் பேசலாம். பணம் தன்னுடையதாக இருக்கும்போது, நேற்றுவரை உயிரெனத் தோன்றிய மூன்று பக்கங்கள் திடீரென்று சாதாரணமாகத் தெரியத் தொடங்குகின்றன. ஒரே பாத்திரம் இரண்டு இடங்களில் ஒரே வகையில் வழுக்கி விழுந்தது அப்போதுதான் கண்ணில் படுகிறது. மாமனாரைப் பற்றிய நான்கு நகைச்சுவைகளில் இரண்டு, மாமனாரைத் தவிர வேறு எவரையும் சிரிக்கவைக்காதவை என்பதும் புரிகிறது. தேர்ந்த எடிட்டர் ஒருவர் இவற்றை நயமாகச் சொல்லியிருப்பார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் சொல்வதை நான் மறுத்துப் பேசியிருப்பேன், ரசீதை மறுத்துப் பேச இயலாது.

இப்போது, கேட்கும்போது கேட்கும் அளவுக்கு மட்டும் அச்சிடும் முறை வந்துவிட்டது. பத்துப் பிரதிகளும் போடலாம். பக்க எண்ணிக்கையைப் பதினாறில் அடக்க வேண்டிய நெருக்கடியும் பெரும்பாலும் இல்லை. வீட்டுப் பரண் காலியாவதால் குடும்பத்தினர் இதை வரவேற்கிறார்கள். நகைச்சுவை நூல்கள் இதனால் பருத்துக்கொண்டே போகும் என்பது என் கணிப்பு.

சொந்தமாக வெளியிட ஐ.எஸ்.பி.என். எண் வாங்கப் பணம் கட்ட வேண்டுமா? (நாமக்கல் வாசகர்)

வேண்டாம். ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள தேசிய ஐ.எஸ்.பி.என். முகமை, ஒவ்வொரு நூலுக்கும் தனி அடையாளமான அந்தப் பதின்மூன்று இலக்க எண்ணைக் கட்டணமின்றியே வழங்குகிறது. எழுத்தாளரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். அதைவிட முக்கியமாக, 1954ஆம் ஆண்டின் சட்டப்படி, நூல் வெளியான முப்பது நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதியைப் பதிப்பாளர் தம் செலவில் அனுப்பிவைக்க வேண்டும். நாட்டின் நான்கு பெருநகரங்களில் என் நூலுக்கு இடம் உண்டு என்று நான் மேடையில் சொல்வது இந்தச் சட்டத்தின் துணிவில்தான்.

பெரிய எழுத்தாளர்கள் யாரேனும் பதிப்பாளராகி வென்றிருக்கிறார்களா? (மேட்டூர் வாசகர்)

வென்ற கதையும் தோற்ற கதையும் ஒருவரிடமே கிடைக்கின்றன. அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வைன் 1884இல் சொந்தப் பதிப்பகம் தொடங்கினார். முன்னாள் குடியரசுத் தலைவர் கிராண்டின் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டுப் பெரும் பணம் ஈட்டினார். பிறகு பதிப்பகம் தள்ளாடியது. தானாக அச்சுக் கோக்கும் இயந்திரம் ஒன்றில் போட்ட முதலும் மூழ்கியது. 1894இல் திவாலாகி, கடனை அடைப்பதற்காக உலகெங்கும் சொற்பொழிவாற்றப் புறப்பட்டு, 1896இல் இந்தியாவுக்கும் வந்துபோனார். கடனை முழுவதும் அடைத்தும் விட்டார்.

நம் பாரதியோ 1920இல் தம் எழுத்துகளை நாற்பது பகுதிகளாக, பகுதிக்குப் பத்தாயிரம் பிரதிகள் வீதம் அச்சிடத் திட்டமிட்டு, நண்பர்களிடம் கடனுதவி கேட்டு எழுதினார். தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும் விட வேகமாக அவை விற்கும் என்று அவர் நம்பினார். பணம் சேரவில்லை, மறு ஆண்டே அவர் மறைந்தார். இதை நகைச்சுவையில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

நல்ல புனைபெயர் ஒன்று வைத்துக்கொள்ள ஆலோசனை கூறுங்கள். (சங்ககிரி வாசகர்)

நம் மாவட்டத்து ஜலகண்டாபுரத்தில் பிறந்த நகைச்சுவை எழுத்தாளர் ஜ.ரா.சுந்தரேசன், தாயார் பெயரையும் தந்தையார் பெயரையும் சேர்த்துப் பாக்கியம் ராமசாமி ஆனார். உங்கள் வீட்டிலும் இரண்டு பெயர்கள் இருக்கும். முதலில் யார் பெயர் வருவது என்பதைப் பெற்றோரே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

புத்தகத் திருவிழாவில் நகைச்சுவை நூல் எப்படி விற்கிறது? (சேலம், அம்மாப்பேட்டை வாசகி)

நன்றாகப் படிக்கப்படுகிறது. நாவலை எடுத்துப் புரட்டுபவர் இரண்டு பக்கத்தில் பாதி வழியில் நிற்பார். மீதியை அறிய வாங்கித்தான் ஆக வேண்டும். நகைச்சுவைத் துணுக்கை எடுத்தவரோ நின்ற இடத்திலேயே முழுப் பலனையும் அடைந்து, மனம்விட்டுச் சிரித்து, “ரொம்ப நல்லா இருக்குதுங்க” என்று வாழ்த்திவிட்டு நூலைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறார். சிலர் நண்பரை அழைத்துவந்து படித்தும் காட்டுகிறார்கள். இதற்காகவே அண்மைத் தொகுதியில் துணுக்குகளையெல்லாம் பின்பகுதிக்கு நகர்த்திவிட்டு, ஆறாவது பக்கத்துக்குப் போகாமல் சிரிப்பு பிடிபடாத நீண்ட கட்டுரை ஒன்றை முதலில் வைத்திருக்கிறேன். சென்ற விழாவில் ஒருவர் ஐந்தாவது பக்கம்வரை நின்றே வந்துவிட்டார். நாற்காலி கேட்டார், கொடுக்கவில்லை.