பெடல் தொங்குகிறதா? கிளட்ச் செட்டைக் கழற்ற விடாதீர்கள்

கேள்வி: என் கார் கேபிள் கிளட்ச். மிதித்து விட்டால் பெடல் கடைசி ஓர் அங்குலம் மேலே வருவதில்லை; காலால் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. கிளட்ச் செட்டையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பெடலைப் பெரும்பகுதி மேலே தள்ளுவது, கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் உள்ள டயாபிரம் ஸ்பிரிங். நீங்கள் சொல்லும் அந்தக் கடைசி அங்குலம்தான் ரிட்டர்ன் ஸ்பிரிங்கின், அதாவது பெடலைத் திரும்ப இழுக்கும் சின்ன ஸ்பிரிங்கின் பங்கு. மிதிக்கும்போது டயாபிரம் ஸ்பிரிங்கின் விரல் போன்ற நுனிகளை அழுத்துவது ரிலீஸ் பேரிங்; மிதிக்காதபோது அது அந்த விரல்களைத் தொடாமல் விலக்கி வைப்பதும் இந்த ரிட்டர்ன் ஸ்பிரிங்தான். கிளட்ச் தட்டு தேய்ந்தால் பெடலில் ப்ளே (கிளட்ச் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) குறையுமே தவிர, பெடல் தொங்காது. இதை மெக்கானிக்கிடமே கேளுங்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பெடலுக்கு மேலே பாருங்கள். ஸ்பிரிங்கின் கொக்கி முறிந்தோ கழன்றோ இருக்கலாம். பெடல் அச்சில் உள்ள புஷ் (bush) காய்ந்திருக்கலாம். சில கார்களில் ஸ்பிரிங் கியர்பாக்ஸ் பக்கம், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கில் மாட்டியிருக்கும். ஸ்பிரிங் நன்றாக இருந்தால் கேபிளை இரு முனையும் கழற்றி, உள்கம்பியைக் கையால் இழுத்துப் பாருங்கள். சொரசொரவென்று பிடித்தால் கேபிளையே மாற்றுங்கள். நைலான் உறை போட்ட கேபிளுக்கு எண்ணெய் விடுவது வீண்வேலை.

ஸ்பிரிங் தனியாக வராது, பெடல் அசெம்பிளியாகத்தான் வாங்க வேண்டும் என்பார்கள். சில நிறுவனங்கள் உண்மையிலேயே அப்படித்தான் விற்கின்றன. ஒரு கம்பிச் சுருளுக்காக முழு பெடலையும் வாங்க வைக்கும் இந்த ஏற்பாட்டை என்னவென்று சொல்வது! பார்ட் நம்பரைக் காட்டச் சொல்லுங்கள். பல கடைக்காரர்களுக்கு அப்போதுதான் ஸ்பிரிங் ஞாபகம் வரும். கைக்குக் கிடைத்த பைக் ஸ்பிரிங்கை மாட்டவும் விடாதீர்கள். இழுவை கூடினால் பெடல் கனக்கும்.

புது ஸ்பிரிங் போட்டதும் ப்ளேயைச் சரிபாருங்கள். பல கேபிள் கார்களில் பெடலில் 15 முதல் 25 மி.மீ. இருக்கும், உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவே முடிவு. ப்ளே இல்லாவிட்டால் பேரிங் ஓயாமல் சுற்றித் தேயும், கிளட்ச் வழுக்கும். அதிகமானால் கியர் கரகரக்கும்.

இதைப் படித்துவிட்டு, கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் வைத்திருப்பவர்கள் ஃபோர்க்கில் ஸ்பிரிங் கட்டிவிட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவற்றில் ரிலீஸ் பேரிங் விரல்களை எப்போதும் லேசாகத் தொட்டபடிதான் இருக்கும். அதற்கென, ஆயில் அழுத்தத்தில் ஃபோர்க்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டருக்குள்ளேயே ஒரு ஸ்பிரிங் உண்டு. வெளியிலிருந்து இழுத்தால் பிஸ்டன் பின்வாங்கும், பாதி மிதி வீணாகும், கியர் விழாது. அங்கே பெடல் தொங்கினால் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் கசிவையும் குழாயில் புகுந்த காற்றையும்தான்.