ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒரு ரசீது

கேள்வி: எனக்கு 53 வயது. மன்னார்குடி பக்கம் இரண்டரை ஏக்கர் பூர்வீக நிலம், ஒன்றரை ஏக்கர் குத்தகை. குறுவை, சம்பா இரண்டும் போடுகிறேன். கொள்முதல் நிலையத்தில் ஈரம் கூடுதல் என்று சொல்லிவிட்டதால், போன தை மாதம் ஆறு ராத்திரி நெல் குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தேன். வீட்டில் யாருக்கும் என் பாடு புரியவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் மகன், நிலத்தை விற்று அங்கே வீடு வாங்கலாம் என்கிறான். மனைவி வாயே திறப்பதில்லை. மகளுக்கு வரன் பார்க்கிறோம். பெரிய கடன் இல்லை. மனைவியின் 5 பவுன் ஆரம் மட்டும் டவுன் அடகுக்கடையில் ஒன்றரை லட்சத்துக்கு இருக்கிறது, இரண்டு ரூபாய் வட்டி. லாக்கரில் இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ரசீது மோட்டார் கொட்டகையில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் வைத்திருக்கலாம், ஆனால் அங்கே அவளுடைய சித்தப்பா மகன் வேலை பார்க்கிறார். நிலத்தை விற்கலாமா, கூடாதா?

பதில்: தம்பி, ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்குமா என்று வானத்தையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்ப்பதும், 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்றால் மூட்டையைத் தொடமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. டெல்டாவிலிருந்து வருகிற கடிதங்களில் பாதி இதுதான். அதனால் ஆறுதல் சொல்லி இடத்தை அடைக்கப்போவதில்லை.

நிலத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த ரசீதுதான் கண்ணில் நிற்கிறது. மழைக்கு நனையாமல் பாலிதீன் கவரில் சுற்றித்தான் வைத்திருப்பீர்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் போடப் போகிறபோதெல்லாம் அது இருக்கிறதா என்று ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பீர்கள். இல்லையென்று சொல்லுங்கள் பார்ப்போம்.

'பெரிய கடன் இல்லை' என்கிறீர்கள். ஒன்றரை லட்சத்துக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் மாதம் 3,000. குறுவை நடவுக்கு வைத்து, சம்பா அறுத்து மீட்கிற வரைக்கும் எட்டு மாதம், 24,000. வங்கியிலோ சங்கத்திலோ இதே நகைக்கு இதில் பாதி வட்டிகூட வராது. சங்கத்துப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. இதெல்லாம் தெரிந்தும் அடகுக்கடைக்குப் போயிருக்கிறீர்கள், மச்சினன் கண்ணில் படக்கூடாது என்று. அறுவடை மிஷின்காரரிடம் மணிக்கு நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்கிறவர், பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பதற்கு வருஷம் 24,000 கட்டுகிறார்!

அதோடு, அது உங்கள் நகை இல்லை. அவர் பிறந்த வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்ததாகத்தான் இருக்கும். மகளுக்கு வரன் வரும்போதெல்லாம் அந்த 5 பவுனையும் சேர்த்துத்தான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். நாளைக்கே ஒரு இடம் திகைந்து, 'லாக்கரிலிருந்து எடுத்துட்டு வாங்க' என்று சொன்னால் எங்கே போவீர்கள்? கொட்டகைக்கா?

என் பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில் ஒருவர் பந்தலுக்குள் வந்து புரோநோட்டை நீட்டினார். பெரியம்மாவுக்கு அன்றைக்குத்தான் அப்படி ஒரு கடன் இருப்பதே தெரியும். கடனை அடைத்துவிட்டார். ஆனால் அதற்கப்புறம் பெரியப்பாவைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் மாறிப்போனது. நான் அதை மறக்கவில்லை.

என் பாடு யாருக்கும் புரியவில்லை என்று எப்படி எழுத மனசு வந்தது? புரியாதபடி ஒளித்து வைத்தது யார்? நெல் குவியலுக்குக் காவல் கிடந்த ஆறு ராத்திரியும் உங்களுக்குச் சோறு வந்திருக்குமே, தூக்கில் எடுத்துக்கொண்டு வந்தது யார்? கடிதத்தில் அந்த ஆளைக் காணோம். 'வாயே திறப்பதில்லை' என்ற இடத்தில் மட்டும் வருகிறார். நாற்று பறிக்கவும் களை எடுக்கவும் இறங்குகிறவரிடம் வரவு செலவைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு, நிலத்தை விற்கவா என்று மட்டும் கேட்டால் அவர் எதைக்கொண்டு வாயைத் திறப்பார்?

மகனுக்கும் ஒரு வார்த்தை. பூர்வீகச் சொத்தில், 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, தங்கைக்கும் அவனுக்குச் சமமான பங்கு உண்டு. அவள் கையெழுத்து இல்லாமல் சென்னையில் வீடு என்ற பேச்சே வேண்டாம். அப்பா நெல் குவியலுக்குப் பக்கத்தில் கிடந்த ஆறு ராத்திரியில் ஒரு ராத்திரி பஸ் ஏறி வந்திருந்தால், விற்கச் சொல்லும் பேச்சைக் கொஞ்சம் மரியாதையோடு கேட்டிருப்பேன்.

இன்றைக்கு மோட்டாரை நிறுத்தப் போகும்போது அந்தக் கவரை எடுத்து மடியில் முடிந்துகொண்டு வாருங்கள். சாப்பிட்டு முடித்ததும் மனைவி கையில் கொடுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், அழுதால் எழுந்து வெளியே போகாதீர்கள். மறுநாள் இரண்டு பேருமாகச் சங்கத்துக்குப் போய், மச்சினனிடமே கேளுங்கள், நகையை இங்கே மாற்ற வழியுண்டா என்று.

விற்பதா வேண்டாமா என்பதை அதற்கப்புறம் எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் அவர் கையெழுத்தும் இருக்கட்டும்.