டேக்கார்ட்டைப் படிக்க மாட்டேன் என்கிற மாணவர்கள்

வணக்கம் மேடம். டெல்லிக் கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராகச் சேர்ந்திருக்கிறீர்கள், பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சுத் தத்துவவாதி டேக்கார்ட்டின் ‘தியானங்கள்’ நூலை யாரும் திறப்பதில்லை, நோட்ஸ்தான் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் இங்கே தத்துவம்தான் நடத்துகிறேன்.

நோட்ஸைக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு பயம். அதோடு மல்லுக்கட்டினால் செமஸ்டரே போய்விடும்.

அப்புறம், ஒரு வகுப்பு முழுக்க ஒரே ஒரு கடிதத்தை எடுங்கள். 1643 மே மாதம் பொஹீமிய இளவரசி எலிசபெத் டேக்கார்ட்டுக்கு எழுதியது. அப்போது எலிசபெத்துக்கு வயது 24. ஒன்றைத் தள்ள வேண்டுமென்றால் தொட வேண்டும். நீங்கள் சொல்கிறபடி இடத்தையே அடைக்காத மனம் உடம்பை எப்படித் தொடும், எப்படி அசைக்கும் என்று கேட்கிறார். பாரம் தொடாமலேயே பொருளைக் கீழே நகர்த்துவதாக நாம் நினைக்கிறோமே என்று டேக்கார்ட் பொருளின் பாரத்தை உதாரணம் காட்டிப் பதில் சொல்கிறார். எலிசபெத் விடவில்லை, ஜூனில் மறுபடி எழுதுகிறார். அவ்வளவு தைரியம்!

அங்கேயே நிறுத்திவிட்டு, “டேக்கார்ட் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன எழுதுவீர்கள்?” என்று கேட்டு, வகுப்பிலேயே அரைப் பக்கம் எழுத வையுங்கள். இந்தியில் எழுதட்டும், டெல்லி பல்கலைக்கழகத் தேர்வையே இந்தியில் எழுதலாமே. உங்களுக்கு இந்தி தடுமாறினால் அவர்களையே விளக்கச் சொல்லுங்கள். விளக்கும்போதுதான் வாதத்தில் எங்கே ஓட்டை என்று அவர்களுக்கே பிடிபடும். அடுத்த வகுப்பில், ‘தியானங்கள்’ நூலில் மனம்–உடம்பு பற்றிப் பேசும் ஆறாவது தியானத்திலிருந்து ஒரே ஒரு பத்தி போதும்.

கடிதங்களை ஜொனாதன் பென்னட் எளிய ஆங்கிலத்தில் தந்திருக்கிறார், இணையத்தில் இலவசம்.