பேண்ட் பளிச்சுனு இருக்கு, ஹார்மோன் ஏன் ஒட்டல?

கேள்வி: சார், நான் பிஎச்டி முதல் வருஷம். மனுஷ ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் ஆல்ஃபா (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வந்து ஒட்டுற புரோட்டீன்) ஒரு கம்பெனில வாங்கினோம். எடை வாரியா புரோட்டீன பிரிக்கிற ஜெல்ல ஓட்டினா 66 கிலோடால்டன் எடைல ஒரே பேண்ட் (பட்டை), ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி. ஆனா எஸ்ட்ராடயால்ங்கிற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன ஊத்தினா ஒட்டவே மாட்டேங்குது. ஏமாத்திட்டாங்களா?

பதில்: ஏமாத்தினாங்களான்னு அப்புறம் பாக்கலாம் தம்பி. எஸ்டிஎஸ்ங்கிற டிடர்ஜென்ட் போட்டு கொதிக்க வச்சுதானே ஜெல்ல லோட் பண்ணீங்க, அப்பவே புரோட்டீனோட மடிப்பெல்லாம் பிரிஞ்சு நூலா போயிடுச்சு, அதனால ஒழுங்கா மடிஞ்சதும் சரி, கோணலா சுருண்டு கிடந்ததும் சரி, ரெண்டும் அதே 66லதான் போய் நிக்கும். இஸ்திரி போட்ட வேட்டியும் கசங்கின வேட்டியும் தராசுல ஒரே எடைதானே. ஹார்மோன் போய் உக்கார்ற குழி, மடிப்பு சரியா இருந்தாத்தான் இருக்கும், அத ஜெல் காட்டாது.

டேட்டா ஷீட்ல எதுல செஞ்சதுனு ஒரு வரி இருக்கும், அத படிங்க. இந்த ரிசப்டர் 595 அமினோ ஆசிட் நீளம், ஈ.கோலை பாக்டீரியாகிட்ட முழுசா செய்யச் சொன்னா பெரும்பாலும் கட்டிகட்டியா உள்ளயே ஒதுக்கி வச்சுடும், ஹார்மோன் ஒட்டுற துண்டு மட்டும்னா ஓரளவு நல்லா செய்யும். முழு நீளமும் வேணும், வேலையும் செய்யணும்னா பாகுலோவைரஸ்ங்கிற பூச்சி வைரஸ வச்சு பூச்சி செல்லுல செய்யிறதுதான் வழக்கம், விலை ஏறுறதும் அதனாலதான். ‘வெஸ்டர்ன் பிளாட்டுக்கு’ (ஆன்டிபாடி வச்சு புரோட்டீன ஜெல்லுக்கப்புறம் அடையாளம் பாக்கிற சோதனை)னு மட்டும் போட்டிருந்தா ஹார்மோன் ஒட்டும்னு அவங்க சொல்லவே இல்ல, நாமதான் படிக்காம வாங்கிட்டோம். (நானும் அப்படி ஒரு வயல, அதாவது சின்ன குப்பிய வாங்கி, கைடுகிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டவன்தான்.)

ஷீட்ல பைண்டிங் நம்பர் (ஹார்மோன் எவ்வளவு ஒட்டும்ங்கிற அளவு) போட்டிருந்தும் ஒட்டலன்னா கோளாறு நம்ம பெஞ்சுலதான். வயல் வந்த அன்னைக்கே அஞ்சஞ்சு மைக்ரோலிட்டரா பிரிச்சு மைனஸ் 80ல வச்சீங்களா, இல்ல ஒரே வயல வாராவாரம் உருக்கி உருக்கி திரும்ப உறைய வச்சீங்களா? ஐஸ்ல வச்சு உருக்கணும், வோர்டெக்ஸ்ல வச்சு நுரை கிளப்பக்கூடாது, விரலால ஒரு தட்டு தட்டினா போதும். பஃபர்ல டிடிடி (DTT, புரோட்டீன் ஆக்ஸிஜன்ல கெடாம காக்கிற கெமிக்கல்) அன்னன்னைக்கு புதுசா போடணும். அப்புறம் எஸ்ட்ராடயாலுக்கு தண்ணின்னாலே ஆகாது, நானோமோலார் அளவுல ஊத்தினா கொஞ்சம் பிளாஸ்டிக் டியூப் சுவத்துலயே ஒட்டிக்கும், அதையும் கணக்குல எடுங்க.

நிஜமா ஒட்டுதான்னு அளக்க, ட்ரிஷியம் (கதிர்வீச்சு ஹைட்ரஜன்) போட்ட எஸ்ட்ராடயால் ஒரு டியூப், அதோட சாதா எஸ்ட்ராடயால் 100 மடங்கு சேர்த்தது இன்னொரு டியூப், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிஜமான ஒட்டு. இந்த ட்ரிஷியம் வித்தைய வச்சுத்தான் 1950கள் கடைசில சிகாகோல எல்வுட் ஜென்சன், எலி கர்ப்பப்பை ஹார்மோன விடாம பிடிச்சு வச்சுக்குதுனு காட்டினாரு. அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் ரிசப்டர் வேணும்னா எலி கர்ப்பப்பைய குளிர்லயே வச்சு அரைக்கணும், 1986ல மனுஷ ஜீன குளோன் பண்ணி வெளியிட்டப்புறம்தான் இப்படி வயல்ல கிடைக்க வழி பிறந்துச்சு. ஒரு கெமிக்கல் ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர்ல உக்காருதான்னு பாக்க 2015ல ஓஈசிடிங்கிற பன்னாட்டு அமைப்பு கொடுத்த வழிமுறை கூட ரீகாம்பினன்ட் (ஜீன வச்சு லேப்ல செஞ்ச) மனுஷ ரிசப்டர வச்சுத்தான்.

கேள்வி: எங்க அம்மாவுக்கு க்ரேவ்ஸ் தைராய்டு (உடம்போட ஆன்டிபாடியே தைராய்ட தூண்டி விடுற நோய்). ‘டிஎஸ்ஹெச் ரிசப்டர் ஆன்டிபாடி’னு டெஸ்ட் எழுதியிருக்காங்க (டிஎஸ்ஹெச்னா தைராய்ட தூண்டுற ஹார்மோனாம்). அந்த ரிசப்டர அம்மா உடம்புலருந்தா எடுப்பாங்க? பயமா இருக்கு.

பதில்: பயப்படாதீங்கம்மா, ரத்தம் மட்டும்தான் எடுப்பாங்க. ரிசப்டர் லேப்ல வாங்கி வச்சிருக்கிற டெஸ்ட் கிட்லயே இருக்கும், முன்னாடி பன்னி தைராய்டுலருந்து எடுத்தாங்க, 1989ல ஜீன் கைக்கு வந்தப்புறம் செல்லுல செஞ்ச மனுஷ ரிசப்டரும் வந்துச்சு, இப்ப ரெண்டு வகையும் இருக்கு. அம்மா ரத்தத்துல இருக்கிற ஆன்டிபாடி அதுல எவ்வளவு இடம் பிடிக்குதுனு மெஷின் அளக்கும், அவ்வளவுதான். முடி கொட்டுதுனு பயோட்டின் மாத்திரை ஏதாவது போடுறாங்கன்னா ரத்தம் குடுக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்டயும் லேப்லயும் சொல்லிடுங்க, சில மெஷின்ல அது இல்லாத ஆன்டிபாடிய இருக்கிறதா காட்டிடும்.